வடக்கே சூலம்

வடக்குக் கடற்கரைப் பயணத்துக்கு நான் வரவில்லை என்று சொன்னதும் முழங்கால் வலியா என்று கேட்டீர்கள். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு வாரமாக ஃப்ரீமான்ட் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து நாம் போட்ட திட்டம் முழுவதையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாடகைக்கு எடுக்கும் ஆர்வி என்கிற வீட்டு வண்டி எத்தனை அடி நீளம், அதன் கழிவுத் தொட்டியை யார் காலி செய்வது, இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று போதுமா, இட்லி மாவு புளிக்காமல் இருக்க எவ்வளவு ஐஸ். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எட்டுப் பேர், ஒரு எக்செல் தாளுக்கு வண்ணம் அடித்து, அதற்கு மூன்று பதிப்பு அனுப்பி, நான்காவது பதிப்பில் சண்டை போட்டோம். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் வராமல் இருப்பதற்கு அது காரணமில்லை.

போன செவ்வாய்க்கிழமை நம்மில் ஒருவர், பக்கத்து ஊரிலிருந்து நம்மோடு வர இருந்தவரைப் பற்றி, "அந்த ஹேவர்ட்காரர் நமக்கு செட் ஆக மாட்டார் சார். ட்ரிப் கேன்சல்னு சொல்லிட்டு நாம பாட்டுக்குப் போயிடலாம்" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். நான் தலையாட்டினேன். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. இதே பேச்சைப் பதினொரு வயதில் ஒரு முறை கேட்டிருக்கிறேன். அப்போதும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அந்தப் பேச்சுக்குக் காரணமும் நான்தான்.

நீங்களெல்லாம் பட்டம் வாங்கி, விசா வாங்கி வந்தவர்கள். நான் எட்டு வயதில் அப்பாவின் பெட்டிகளோடு கலிபோர்னியாவில் இன்னொரு பெட்டியாக வந்து இறங்கியவன். அன்றைய ஃப்ரீமான்டில் இந்தியக் கடை ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆப்ரிகாட் தோட்டம் இருந்தது. ஜூன் மாதம் பழம் உதிர்ந்து அழுகி, தெரு முழுவதும் புளித்த வாடை அடிக்கும். தமிழ்க் குடும்பம் என்று கணக்கெடுத்தால் மூன்று. நாங்கள் ஒன்று. பஞ்சாங்க மாமா, மாமி, அவர்கள் பிள்ளைகள் இரண்டாவது. மூன்றாவது, கப்பல் அங்கிளும் அவர் மனைவியும்.

பஞ்சாங்க மாமா அப்பாவோடு வேலை பார்த்த இன்ஜினியர். அவருடைய மாமனார் வருஷா வருஷம் மஞ்சள் அட்டைப் பஞ்சாங்கம் ஒன்றைத் தபாலில் அனுப்புவார். முடி வெட்டிக்கொள்ளக்கூட அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார் மாமா. பகலெல்லாம் கம்ப்யூட்டருக்குப் பாகம் வடிவமைப்பவர், சாயங்காலம் ராகு காலம் முடியும்வரை பார்க்கிங்கில் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருப்பார். அப்பா டிரான்சிஸ்டரைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். கார் டயர் மாற்றத் தெரியாது. சிறுவனாக நான் இவர்கள் இருவரையும் உலகத்திலேயே பெரிய அறிவாளிகள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கப்பல் அங்கிள் நாகப்பட்டினம் பக்கத்து முஸ்லிம். கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்து, எப்படியோ கரையேறி, ஒரு கேரேஜில் மெக்கானிக்காக இருந்தார். பஞ்சாங்க மாமாவின் கார் ஒரு நாள் நின்றுபோய், அதை அந்த கேரேஜுக்கு இழுத்துப் போனபோது, இன்னொரு காருக்கு அடியிலிருந்து யாரோ தமிழில் ஒரு போல்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தார்களாம். மாமா குனிந்து, "சார், நீங்க தமிழா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் இருக்கட்டும் சார், இந்த போல்ட்டுதான் சுத்தத் தமிழ். சொன்ன பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது" என்று அடியிலிருந்து பதில் வந்ததாம்.

அன்று முதல் இரண்டு அறிவாளிகளுக்கும் கார் கவலை தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து பானெட்டைத் திறப்பார். அப்பா அவரை நேரில் "பாய்" என்பார், அவர் போனபிறகு "அந்த மெக்கானிக்" என்பார். அவர் அப்பாவை இரண்டு இடத்திலும் "சார்" என்றுதான் சொல்லியிருப்பார் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

கேரேஜுக்குப் பின்னால் யாரோ கைவிட்ட பழைய மோட்டார் ஹோம் ஒன்று கிடந்தது. ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்துவிட்டார். உள்ளே இரண்டு பர்னர் அடுப்பு, மடக்குக் கட்டில், தண்ணீர்த் தொட்டி. அதை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய ஞாயிற்றுக்கிழமைதான் பேச்சு ஆரம்பித்தது.

"வடக்கால போனா கடல் வேற மாதிரி இருக்கும் சார். கப்பல்லேந்து பாத்திருக்கேன். மரம் அப்படியே தண்ணிவரைக்கும் எறங்கி நிக்கும். மூணு குடும்பமும் சேந்து நாலு நாள் போயிட்டு வருவோமே."

அதற்குப்பின் வந்த சனிக்கிழமைகளெல்லாம் எங்கள் வீட்டுக் கூடத்தில் திட்டம்தான். பெட்ரோல் பங்கில் இலவசமாகக் கிடைத்த வரைபடத்தைத் தரையில் விரித்து, நான்கு மூலைக்கும் எவர்சில்வர் டம்ளர் வைத்து, அப்பா சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். அந்தக் கோட்டை அடுத்த வாரம் அழிப்பார். கரடி வருமா என்று ஒரு சனிக்கிழமை முழுவதும் பேசினார்கள். கரடிக்குப் புளியோதரை பிடிக்குமா என்று கப்பல் அங்கிள் கேட்டது ஒருவருக்கும் சிரிப்பு மூட்டவில்லை. பஞ்சாங்க மாமா ஜூன் மாதத்தில் ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார். புதன்கிழமை வடக்கே சூலமாயிற்றே, அந்தத் திசையில் கிளம்பக்கூடாதே என்று அம்மா இழுத்தபோது, "சூலமெல்லாம் கடல் தாண்டி வராது. இது அமெரிக்கா" என்று தீர்ப்பும் சொன்னார்.

சாப்பாடுதான் பெரிய பிரச்சினை. நாங்களும் மாமி வீட்டாரும் சைவம். வண்டிக்குள் இருப்பதோ ஒரே அடுப்பு. மாமி இதை நேராகச் சொல்ல மாட்டாள். "ஒரே கிச்சன்… நாலு நாள்… எப்படி மேனேஜ் பண்றதுன்னே தெரியலை" என்று கூரையைப் பார்த்துச் சொல்வாள். கப்பல் ஆண்ட்டி ஒரு சனிக்கிழமை முகமெல்லாம் சிரிப்பாக வந்து அதற்கும் வழி சொன்னார்.

"நாலு நாளும் நாங்களும் சைவந்தான் மாமி. அதுக்குன்னே புதுப் பாத்திரம் வாங்கிட்டேன். அதுல பாலு தவுர ஒண்ணும் காச்சலை. வண்டிக்கு கர்ட்டன்கூட தச்சிட்டேன், பாக்கறீங்களா?"

பச்சையில் வெள்ளைப் பூப்போட்ட அவருடைய புடவைதான் எட்டு ஜன்னல் திரையாக மாறியிருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்து "நல்லா இருக்கே" என்றாள். மாமி தொடவில்லை. அந்த ஆண்ட்டி இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இங்கிலீஷ் வராது, கார் ஓட்டத் தெரியாது. தமிழ் பேசும் பெண்களோடு நாலு நாள் இருக்கப்போகிறோம் என்பதற்காக ஒரு நல்ல புடவையைக் கிழித்திருந்தார். அவருக்கு அந்தப் பயணம் என்னவாக இருந்தது என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் தினமும் அவர் வீட்டில் இருந்தேன்.

அந்த மார்ச் மாதம் அம்மா ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பள்ளி விட்டு வந்து ஆறு மணிவரை என்னை வைத்துக்கொள்ள இடம் வேண்டும். கப்பல் ஆண்ட்டி வீடு இரண்டு தெரு தள்ளி. ஆப்ரிகாட் தோட்டத்துக்குள் புகுந்து போனால் ஐந்து நிமிஷம். போனதும் டீ, ரஸ்க். பிறகு நான் வீட்டுப்பாடம் எழுதுவேன், அவர் எதிரே உட்கார்ந்து பயணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார். "உங்கம்மா காலையில காப்பிதானே குடிப்பாங்க? மாமி வெங்காயம் சேப்பாங்களா? ராத்திரி படுக்குமுன்ன கதையெல்லாம் பேசுவாங்களா, இல்ல ஒடனே தூங்கிடுவாங்களா?" நான் தலையைத் தூக்காமலே பதில் சொல்வேன், அதுவும் இங்கிலீஷில்.

அங்கிள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில் நின்று தூண்டில் போட்டு மீன் பிடிப்பார். திங்களும் செவ்வாயும் ஆண்ட்டி அதை மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி எண்ணெயில் போடுவார். முதல் தடவை அந்த மணம் மூக்கில் ஏறியபோது எனக்கு வீட்டுப்பாடம் மறந்துவிட்டது.

"ஆண்ட்டி, ஜஸ்ட் ஒன் பீஸ்."

"வேணாம் தம்பி. உங்க வூட்ல சாப்புட மாட்டாங்க. உங்கம்மாக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாங்க."

மூன்று வாரம் கெஞ்சினேன். மூன்று வாரமும் அதே பதில். எனக்காக உருளைக்கிழங்கைத் தனிச் சட்டியில் அதே மசாலா போட்டு வறுத்துத் தந்தார். நான் தொடவில்லை. நாலாவது வாரம் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"அம்மா சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்க."

"நெசமாவா?"

"ப்ராமிஸ்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முள் எடுத்து, உதிர்த்து, தட்டில் வைத்தார். "உங்கம்மா பெரிய மனசுக்காரவங்க" என்றார். அன்றிலிருந்து அம்மாவிடம் அவருக்குத் தனி மரியாதை. வாரத்துக்கு ஒரு முறை அம்மாவுக்கென்று புதினாவோ கறிவேப்பிலையோ தொட்டியில் வளர்த்ததைக் கிள்ளிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்புவார். அம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டு, "எதுக்கு இதெல்லாம்" என்பாள். நான் எலுமிச்சம்பழத் தோலால் விரல்களைத் தேய்த்துக் கழுவிவிட்டு நல்ல பிள்ளையாகச் சாப்பிட உட்காருவேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் இப்படிப் போயிற்று.

பயணத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை, கடைசித் திட்டக் கூட்டம். பஞ்சாங்க மாமாவும் மாமியும் வந்துவிட்டார்கள். கப்பல் அங்கிளும் ஆண்ட்டியும் இன்னும் வரவில்லை. பிள்ளைகள் அங்கே என்ன செய்வீர்கள் என்று அப்பா ஏதோ நல்ல மனநிலையில் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"வி கேன் ஃபிஷ்! ஆண்ட்டி ஃப்ரை பண்ணுவாங்க. ஷி ஆல்வேஸ் மேக்ஸ் இட் ஸோ குட்."

வரைபடத்தின் மேல் இருந்த எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. மாமி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என்னடா சொன்னே?" என்றார் அப்பா.

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? இரண்டு அறை விழுந்திருக்கும், ஒரு வாரம் டிவி கிடையாது. அவ்வளவுதான். அந்த இரண்டு அறைக்குப் பயந்து நான் சொன்னது இது:

"வாழைக்காய் வறுவல்னு சொல்லிக் குடுத்தாங்க. சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் ஃபிஷ்னு சொன்னாங்க."

"பாத்தேளா!" என்றாள் மாமி. அந்தக் குரலில் அதிர்ச்சியே இல்லை. வெகுநாளாகக் காத்திருந்த பார்சல் வந்துசேர்ந்த குரல் அது. "கொழந்தைகிட்ட போய்! நான் அப்பவே நெனச்சேன். வேணும்னேதான் பண்ணியிருக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். "எத்தனை தடவை?" என்று கேட்டாள்.

"ஒரே தடவை."

இன்னும் இரண்டு நொடி பார்த்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். கோபம் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா கத்தவில்லை. யாரும் சண்டைக்கும் போகவில்லை. நேரில் கேட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறக்க ஆள் வேண்டுமே. பஞ்சாங்க மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எதுக்கு மனஸ்தாபம்? ட்ரிப் கேன்சல்னு சொல்லிடுவோம். நாம ரெண்டு ஃபேமிலி மட்டும் டென்ட் எடுத்துண்டு கார்லயே போயிடலாம்" என்றார். அப்பா யோசிப்பது போல் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "அதான் டீசன்ட்" என்றார். டீசன்ட் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் கூச்சமில்லாமல் பயன்படுத்தியதில்லை.

பத்து நிமிஷத்தில் வாசல் மணி அடித்தது. வழக்கமாக எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் வரும் டீ, அன்று அவர்கள் இருவருக்கு மட்டும் பயணத்துக்காக வாங்கி வைத்த காகிதக் கோப்பையில் வந்தது. மாமி எடுத்துக் கொடுத்தாள். ஆண்ட்டி கோப்பையைப் பார்த்தார், எங்கள் டம்ளர்களைப் பார்த்தார், குடித்தார்.

பஞ்சாங்க மாமா பஞ்சாங்கத்தைத் திறந்தார். "பாய், ஒரு சிக்கல். அந்தப் புதன்கிழமை வடக்கே சூலம். நான் கவனிக்காம விட்டுட்டேன்."

அங்கிள் சிரித்துவிட்டார். "கப்பல்ல சூலம் பாத்தா சரக்கு எங்க சார் போய்ச் சேரும்? சரி, ஒங்களுக்கு மனசு ஒப்பலைன்னா வியாழக்கிழமை கெளம்புவோம். எனக்கு லீவு மாத்திக்கலாம்."

"வியாழனும் நாள் சரியில்லை. இந்த சம்மரே சரியா அமையலை. கேன்சல் பண்ணிடலாம்னு பாக்கறோம்."

அப்போது ஆண்ட்டி, எல்லோருக்கும் உதவியாக ஒன்று நினைவுக்கு வந்த சந்தோஷத்தில், "மாமி, எங்க பக்கத்து வூட்டு அய்யரம்மா வடக்க போறதுன்னா பால் குடிச்சிட்டுக் கெளம்புவாங்களே? பால் குடிச்சா சூலம் ஒண்ணும் பண்ணாதாமே?" என்றார்.

பஞ்சாங்கம் மாமாவின் மடியில் திறந்தபடி இருந்தது. அதில் அதே பரிகாரம் அச்சாகியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் அதை மூடிவைத்தார். மாமிதான், "அதெல்லாம் இங்க செல்லாது" என்றாள்.

ஆண்ட்டி என் பக்கம் திரும்பினார். நான் வரைபடத்தில் ஒரு ஏரியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமையிலிருந்து கழுத்தில் வீட்டுச் சாவியைக் கட்டிவிட்டாள் அம்மா. பள்ளி முடிந்ததும் நேராக வீடு. நாலு நாள் கழித்துத் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் ஆண்ட்டி நின்றிருந்தார். "ஏன் தம்பி வர்றதில்லை? ஒடம்பு சரியில்லையா?" என்றார். "ஐ ஹாவ் ஹோம்வொர்க்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அன்றைக்குப் பள்ளியின் கடைசி நாள்.

அதே புதன்கிழமை கிளம்பினோம். நாள் மாற்ற வேண்டிய அவசியம்தான் தீர்ந்துவிட்டதே. எமகண்டம் கழிந்து ஒன்பதரை மணிக்கு, இரண்டு கார்களுக்கும் முன்னால் நிற்க வைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு வாய் பால் கொடுத்தாள் மாமி. நானும் குடித்தேன். கோல்டன் கேட் பாலத்தில் போட்டோ எடுத்தோம். அதைத் தாண்டி ஒரு மாட்டுப் பண்ணை ஓரம் புளியோதரை சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்தும் ஒன்றரைவரை ராகு காலம் என்று காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். மாடுகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கடலோரச் சாலையில் ஏறி, ரஷ்யன் நதி கடலில் சேரும் இடத்தைத் தாண்டிப் பத்து மைல் போயிருப்போம். எங்கள் ஸ்டேஷன் வேகனின் முன்னாலிருந்து வெள்ளையாக ஆவி எழும்பியது. அப்பா பானெட்டைத் திறந்தார். பஞ்சாங்க மாமா பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு முதுகலைப் பட்டங்கள், ஒரு முனைவர் பட்டம், எல்லாம் சேர்ந்து ஆவியைப் பார்த்தன. அரை மைல் தள்ளி ஒரு சின்னக் கடை. இழுவை வண்டி மறுநாள் காலைதான் வரும் என்றார் கடைக்காரர். வெளியே டெலிபோன் பெட்டி. அப்பா சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். நான் கதவருகே நின்றேன்.

"பாய், நான்தான்… ஒரு சின்ன ஹெல்ப்… இல்லையில்லை, ட்ரிப்பெல்லாம் இல்லை, சும்மா ஒரு டிரைவ் வந்தோம்… ஆமா, புகை மாதிரி…"

அங்கிள் காரின் மாடலை மட்டும் மறுபடி கேட்டுக்கொண்டு வைத்துவிட்டாராம்.

மணி ஆறரை இருக்கும். நல்ல வெளிச்சம். வளைவில் அந்த மோட்டார் ஹோம் திரும்பியது. ஜன்னலில் பச்சைத் திரை. அங்கிள் இறங்கினார். எங்கள் கார் கூரையில் கட்டியிருந்த இரண்டு டென்ட் மூட்டைகளையும், ஐஸ் பெட்டியையும், மடக்கு நாற்காலிகளையும் பார்த்தார். சும்மா ஒரு டிரைவ். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அங்கிள் மூட்டையைக் கையால் அசைத்துப் பார்த்து, "கயிறு லூசா இருக்கு சார்" என்று சொல்லி அதை இழுத்து முடிச்சுப் போட்டார். அவ்வளவுதான் அவர் சொன்னது. பிறகு ரேடியேட்டர் ஹோஸை மாற்றினார். இருபது நிமிஷம் ஆயிற்று.

ஆண்ட்டி அந்தப் புதுப் பாத்திரத்தோடு இறங்கினார். அங்கிளுக்கு போன் வந்ததும் அவசரமாகச் சோறு வடித்துத் தயிர் கலந்திருக்கிறார். கூட எலுமிச்சை ஊறுகாய்.

"பசங்க பசியா இருப்பாங்க மாமி. இது அந்தப் புதுப் பாத்திரந்தான். ஒரு தடவைகூட…" என்று ஆரம்பித்து, ஏன் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது என்று தோன்றியவர்போல் நிறுத்திக்கொண்டார்.

"எங்களுக்கு இன்னிக்கு விரதம்" என்றாள் மாமி. அவள் மடியில் முறுக்குப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. அம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்மேல் மூடிய பனிமூட்டத்தில் கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான்.

ஆண்ட்டி பாத்திரத்தை மூடி வண்டிக்குள் எடுத்துப் போனார். நான் ஏன் பின்னால் போனேன் என்று தெரியவில்லை. படியில் நின்றேன். அவர் அந்தச் சின்ன அடுப்பருகே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. நான் என்ன தப்புப் பண்ணேன்?"

"ஐ டோன்ட் நோ, ஆண்ட்டி."

திரும்பினார். "எனக்கு வெளங்கற மாதிரி தமிழ்ல சொல்லேன். உங்கம்மா எதுனா சொன்னாங்களா? நான் எதுனா வாய்தவறிப் பேசிட்டேனா? நானும் பத்து நாளா யோசிச்சிப் பாக்கறேன்."

எனக்கு முன்னால் இரண்டு அடி தூரத்தில் அவர் நின்றார். வெளியே என் அம்மா பத்தடியில். ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் என் வாய்வரை வந்தது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். வரவில்லை. இவர் சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்றுதான் நினைத்தேன்.

"தெரியாது" என்றேன்.

"சரி ராசா. தண்ணிப் பக்கம் தனியாப் போயிடாதே" என்றார்.

இருவரும் வெளியே இறங்கினோம். நாங்கள் டென்ட் போடவிருந்த முகாம் அங்கிருந்து அரை மணி நேரம்தான். வாருங்கள், ஒரு நாள் எங்களோடு இருந்துவிட்டுப் போங்கள் என்று யாராவது சொல்வார்களோ என்று ஆண்ட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மறைக்காமல் பார்த்தார். அப்பா, "ரொம்ப தேங்க்ஸ் பாய். நீங்க கிளம்புங்க, இருட்டறதுக்குள்ள பாலத்தைத் தாண்டிடலாம்" என்றார். அத்தனை நீள வண்டியை அந்தக் குறுகலான சாலையில் ஐந்து முறை முன்னும் பின்னும் எடுத்துத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

நாலு நாளும் பனிமூட்டம். டென்ட் ஒழுகியது. அப்பாவும் பஞ்சாங்க மாமாவும் மூன்றாம் நாள் பேச்சை நிறுத்தினார்கள், அதுவும் ஒரு தார்ப்பாயை எந்தப் பக்கம் கட்டுவது என்பதற்காக. அந்த விடுமுறையைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதி 'ஏ' வாங்கினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கிள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. குளிர்காலத்துக்குள் அவர்கள் டெக்சாஸில் ஏதோ துறைமுக ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். அப்போது அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிறகு பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதுதான் சரி. அதே டெக்சாஸில், ஹூஸ்டனில் எனக்கு ஒன்பது வருஷம் வேலை. அங்கே ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடைகளில் தமிழ் காதில் விழுந்தால் முகத்தைப் பார்க்காமல் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன்.

அப்பா என் பொய்யை நம்பியபடியே இறந்தார். எண்பது வயதிலும் யாராவது மீன் என்றால் போதும், "எங்க பையனை ஒரு பொம்பளை ஏமாத்திக் குடுத்துட்டா" என்று ஆரம்பித்துவிடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது தொண்ணூற்றொன்று. என்னோடுதான் இருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை உங்களிடம் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன் அல்லவா, அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். கெஞ்சியது, ப்ராமிஸ் பண்ணியது, வாழைக்காய், எல்லாவற்றையும். அறுபத்தைந்து வயதுக்காரன், ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன்.

அம்மா கேட்டுவிட்டு, "தெரியுமே" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவ பொய் சொல்ற பொம்பளையா? உன் சட்டையை நான்தானே தோச்சேன். திங்களும் செவ்வாயும் மொளகாய்ப்பொடியும் மீனும் நாறும். நீ ஒரே தடவைன்னு சொன்னப்பவே தெரியும்."

"பின்ன ஏம்மா ஒண்ணும் சொல்லலை?"

சங்கடப்பட்டதாகத் தெரியவில்லை. "மாமிக்கும் அவளுக்கும் நடுவுல நாலு நாள் யாரு நிக்கறது? அவளைக் கூட்டிண்டு போகாம இருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது. நீ கொண்டுவந்து குடுத்தே" என்றாள். பிறகு மாத்திரை சாப்பிடும் நேரமாகிவிட்டதா என்று கேட்டாள்.

தண்ணீர் எடுத்துவர எழுந்தேன். அந்த ஆண்ட்டி வண்டிக்குள் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் அன்று அந்தச் சாலையோரத்தில் இரண்டு பேர் இருந்திருக்கிறோம். எனக்கு அம்மாவிடம் கோபம் வந்திருக்க வேண்டும். அல்லது அந்த ஆண்ட்டியை நினைத்து அழுகை வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. நான் மட்டும் இல்லை என்று தெரிந்ததும், குழாயைத் திறந்துவிட்டு டம்ளர் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்கு நிம்மதியாக இருந்தது.